பெயர் சொன்னால் பலிக்காத மருந்து

முதலில் வந்தது நெஞ்சடிப்பு. குசினியில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். அடுப்பில் சோறு கொதிக்கிறது, வாசலில் மகள் மண்சோறு காய்ச்சி விளையாடுகிறாள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் யாரோ துரத்தி வருவதுபோல நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை இரண்டும் குளிர்ந்துவிட்டன. திருவலையை விட்டு எழும்பிப் படலைவரைக்கும் போய், ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. திரும்பி வந்து மிச்சத் தேங்காயைத் திருவி முடித்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் இந்தப் பயத்தை அறிந்தவர்கள் இருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் இதைப் பதகளிப்பு (காரணம் இல்லாமல் நெஞ்சு படபடத்து, இருக்கவும் நிற்கவும் ஏலாமல் போவது) என்பார்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கடைசியில் நான் சுகமாகிவிட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நித்திரை இல்லாத ஒருவரைக் கடைசிப் பக்கம்வரைக்கும் பயமுறுத்தி வைத்திருப்பது பாவம்.

காரணமே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கனகராயன்குளத்துக்குக் கிழக்கே குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்துக் கமம் செய்கிறவர்கள். அந்த வருஷத்து மாரி ஒரு பேய் மாரி. எங்கள் குளக்கட்டில் ஓரிடத்தில் வெடிப்புக் கண்டது. ஆண்கள் மண்மூட்டை அடுக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூட மேட்டில் ஏறி நனைந்துகொண்டு இருந்தோம். கட்டுத் தாங்கிவிட்டது. ஊரில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. மழை விட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்து உறங்கினார்கள். எனக்கு மட்டும் போன நித்திரை போனதுதான்.

படுத்தால் உடம்பு படுக்கும், காது படுக்காது. தண்ணீர் வருகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். என் கணவர் முதலில் பகிடி பண்ணினார்.

"உம்மைக் குளக்கட்டுக் காவலுக்கு எடுக்கச் சொல்லி ஓவசியரிட்டைக் கேக்கட்டே? சும்மா முழிச்சிருக்கிற நேரத்துக்குச் சம்பளமாவது வரும்."

நானும் சிரித்தேன். பிறகு பிறகு சிரிக்க ஏலாமல் போய்விட்டது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். மகளுக்குத் தலை வாரத் தொடங்கி, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே எங்கே வைத்தேன் என்று தேடினேன். மாடு கதறினாலும் அழுகை வந்தது. நித்திரை இல்லாத உடம்பில் கோபமும் அழுகையும் ஒரே வாசலால்தான் வரும்போல.

ஏன் பரியாரியாரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். காய்ச்சல், பாம்புக்கடி, எலும்பு முறிவு என்றால் போகலாம். நித்திரை வரவில்லை என்று போனால் ஊரே சிரிக்கும். இந்த மாதிரிச் சில்லறை வருத்தத்துக்கு வீட்டுப் பெண்களின் கைமருந்துதான். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. கைமருந்தில் என்ன சரக்குச் சேர்ந்திருக்கிறது என்று கொடுக்கிறவர் சொல்லக்கூடாது, குடிக்கிறவர் கேட்கக்கூடாது. பெயரைச் சொன்னால் மருந்து பலிக்காது. அதைவிட மோசம், சொன்னவரின் கைராசியும் அன்றோடு போய்விடும். சூடு மிதித்து நெல் உதிர்க்கிற களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்று சொல்கிறவர்கள் நாங்கள். பெயரைச் சொன்னால் இருப்பது குறைந்துவிடும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

முதலில் மருந்து தந்தவர் மாமி. என் கணவரின் தாயார், எங்களோடேயே இருந்தவர். கறாரான மனுசி. பாராட்டு என்றால் என்ன விலை என்று கேட்பார். ஒருநாள் பின்னேரம் மூக்குப்பேணியில் ஆட்டுப்பால் கொண்டுவந்து நீட்டினார்.

"இதைக் குடி பிள்ளை. என்னெண்டு கேளாதை. ஆருக்கும் சொல்லவும் வேண்டாம்."

குடித்தேன். அன்றைக்கு அடித்துப்போட்டதுபோல உறங்கினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த உறக்கம். காலையில் மாமியின் காலில் விழாத குறை. சில நாள் அப்படியே போனது. பிறகு பழையபடி பதகளிப்பு எட்டிப் பார்த்தது.

அதற்குள் பக்கத்து வளவுச் செல்லமக்காவுக்கு என் கண்ணின் கீழ்க் கறுப்புத் தெரிந்துவிட்டது. செல்லமக்கா வடமராட்சியில் இருந்து வந்து குடியேறியவர். வாய் நிறையக் கதை, கை நிறைய உதவி. மத்தியானம் வேலியால் எட்டி, "தவமணி, வாயைத் திற" என்று ஒரு தேன் உருண்டையை என் வாய்க்குள் வைத்தார். "எங்கட அம்மா வழியில வந்தது. மூச்சு விடாதை. உன்ர மாமிக்கும் சொல்லாதை, அவா தன்ர கைராசியைக் குறைச்சுப் போட்டனெண்டு முகத்தைத் தூக்குவா."

மூன்றாவது ஆள் மதலேனக்கா. முல்லைத்தீவுக் கரையில் இருந்து பஸ்ஸில் கருவாடு கொண்டுவந்து எங்கள் குடியேற்றத்தில் விற்கிற வேதக்காரப் பெண். புருஷன் கடலில் போனவர். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீர் பயந்து ஏங்கிப்போனீர். எங்கட கரையில கடலைக் கண்டு ஏங்கின ஆக்களுக்கு இதுதான் குடுக்கிறது" என்று கடுதாசிச் சுருளில் ஒரு தூள் தந்தார். காலையில் வெறுந்தேத்தண்ணியில் கலந்து குடிக்க வேண்டும். அவரும் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் கருவாட்டுக் கடகத்தைத் தூக்கினார்.

காலையில் தூள், மத்தியானம் உருண்டை, பின்னேரம் பால். மூன்றும் இரகசியம். என்னை இப்படி மூன்று பேர் தாங்குகிறார்களே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அன்போடு நீட்டுகிற கையை எப்படித் தட்டுவது?

கொஞ்ச நாளில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டத் தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வாய் காய்ந்தபடி. முகம் வெயிலில் நின்றதுபோலச் சுட்டது. சிறுநீர் போவது கஷ்டமாகிவிட்டது. நெஞ்சடிப்பு முன்னையைவிட மோசம். யாரோ செத்துவிட்டார்கள், எனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை என்பதுபோல ஒரு பயம் எந்நேரமும் கூடவே நின்றது. வருத்தம் கூடிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்று பேரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், மருந்தைக் கூட்டினார்கள். மருந்து கூட வருத்தம் கூடியது. வருத்தம் கூட மறுபடி மருந்து கூடியது.

அரிவி வெட்டு நடந்த ஒருநாள். வயலில் நிற்கிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வரம்பால் நடந்தேன். அந்த வரம்பு தினமும் நடக்கிற வரம்பு. அன்றைக்கு நடக்க நடக்க அது முடியவில்லை. ஒரு காலை எடுத்து மற்றக் காலை வைப்பதற்குள் ஒரு பொழுது போய்விட்டதுபோல இருந்தது. கேத்திலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அது எங்கேயோ தூரத்தில், வேறு யாருடையதோ கைபோலத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்து பயம் எழும்பிவந்தது. காதுக்குள் தண்ணீர்ச் சத்தம்.

"குளம் உடைச்சிட்டுது! ஓடுங்கோ! குளம் உடைச்சிட்டுது!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அடுத்த வயல்காரர்களும் ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினார்கள். குளத்தில் அப்போது பாதித் தண்ணீர்கூட இல்லை. அறுவடைக்காகத் துருசு (குளத்து மதகு) பூட்டிக் கிடந்தது. இளைக்க இளைக்கத் திரும்பி வந்தவர்கள், வாய்க்காலுக்குள் முழங்கால் அளவு சேற்றில் நின்று இன்னமும் கத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விசர் (பைத்தியம்) பிடித்தவளை யாரும் ஏசமாட்டார்கள்.

மகள் மாமியின் சேலைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கூப்பிட்டேன், வரவில்லை.

வண்டிலில் ஏற்றிப் பெரிய றோட்டடியில் இருந்த அரசாங்க ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மெலிந்த, கண்ணாடி போட்ட, பொறுமையான ஒரு டொக்குத்தர். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"ஏதும் நாட்டுமருந்து எடுத்தனீங்களோ அம்மா?"

"இல்லை டொக்குத்தர்."

எனக்கு அது பொய்யாகவே படவில்லை. கைமருந்தை யார் மருந்தென்று கணக்கில் எடுப்பார்கள்? அதோடு மூன்று பேரின் கைராசி என் வாய்க்குள் இருந்தது.

கட்டிலில் போட்டுச் சேலைன் (உப்புத் தண்ணீரை நரம்பால் ஏற்றுவது) ஏற்றினார்கள். அடுத்த நாள் மத்தியானம் எனக்குத் தெளிந்துவிட்டது. என் பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னேன். டொக்குத்தர் சந்தோஷப்பட்டார். பின்னேரம் பார்க்க வருகிற நேரம். மாமி போத்தலில் பால் கொண்டுவந்தார். கூட வந்த செல்லமக்கா, மாமி போத்தல் கழுவப் போன இடைவெளியில் என் வாய்க்குள் உருண்டையைத் திணித்தார். மறுநாள் காலையில், பஸ்ஸால் இறங்கிவந்த மதலேனக்கா கடுதாசிச் சுருளைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். நான் மறுபடியும் கட்டிலில் ஏறி நின்று, வெள்ளம் வருகிறது, பிள்ளைகளைத் தூக்குங்கள் என்று வார்ட்டில் உள்ள எல்லோரையும் எழுப்பினேன்.

தெளிவது, குழம்புவது, தெளிவது, குழம்புவது. டொக்குத்தரும் என்னதான் செய்வார்?

என் கட்டில் விறாந்தை யன்னலோரம். தெளிந்திருந்த ஒரு மத்தியானம், வெளியே அவர் என் கணவரோடு கதைத்தது முழுக்கக் கேட்டது.

"மூளைக் கலக்கம் போலத்தான் இருக்கு. இஞ்ச வைச்சுப் பாக்க வசதியில்லை. கொழும்புக்கு, மனநோய் ஆசுப்பத்திரிக்கு அனுப்ப வேணும். வெள்ளிக்கிழமை மாங்குளத்தில றெயில் ஏத்துவம்."

"எவ்வளவு காலத்துக்கு ஐயா?"

"அதைச் சொல்லேலாது."

டொக்குத்தர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். வாய் காய்ஞ்சிருக்கு, முகம் சிவந்திருக்கு, நாடி ஓடுது. ஊமத்தை திண்ட ஆக்களைப்போல. வீட்டில ஆரும் ஏதும் குடுக்கினமோ எண்டு விசாரியுங்கோ. அப்பிடியெண்டால் கதை வேற. இல்லையெண்டால் வெள்ளிக்கிழமை அனுப்பத்தான் வேணும்."

அந்தக் காலத்தில் கொழும்புக்கு அப்படிப் போனவர்களைப் பற்றி ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள், செத்தவர்களைப் பற்றிக் கதைப்பதுபோல. மகளை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விடுவதென்று முடிவாகியிருந்தது. அவளுடைய சட்டைகளை மாமி மடித்து வைத்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். எனக்கு விசர் என்று அப்போது நானே நம்பிவிட்டேன்.

என் கணவர் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கத்தினாராம். "ஆரோ தவமணிக்கு மருந்து குடுத்திருக்கினமாம்! ஆரெண்டு சொல்லாட்டில் வெள்ளிக்கிழமை அவளைக் கொண்டுபோகப் போறாங்கள்!"

எங்கள் பக்கத்தில் 'மருந்து குடுத்தது' என்பது சாதாரணப் பேச்சில்லை. நஞ்சு வைத்தவள், வசியம் செய்தவள் என்று பெயர் விழும். அந்தப் பெயர் விழுந்த பெண் பிறகு ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்கும் போக ஏலாது. வாயைத் திறந்தால் பழி, கைராசியும் போய்விடும். திறக்காவிட்டால் ஒன்றுமில்லை. மூன்று பேருக்கும் சும்மா இருந்திருக்க எல்லா வசதியும் இருந்தது.

வியாழன் காலை, மாமி தனியே வண்டில் பிடித்து வந்து ஆசுப்பத்திரி விறாந்தையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் செல்லமக்கா வந்தார். மாமியைக் கண்டதும், "நான்... சும்மா பாத்திட்டுப் போவமெண்டு" என்று இழுத்தார். இரண்டு பேரும் வாங்கின் இரண்டு நுனியில் இருந்து நிலத்தைப் பார்த்தார்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு கருவாட்டு மணம் வந்தது. வாசலில் நின்ற அற்றன்டன் (ஆசுப்பத்திரி உதவியாள்), "இதை உள்ள கொண்டுபோகேலாது" என்று மறித்தான். மதலேனக்கா கடகத்தை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் தூள் தந்தது என்னைத் தவிர ஒரு சீவனுக்கும் தெரியாது. பஸ் நிற்கிற இடத்தில் செய்தி கேள்விப்பட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்திருக்கிறார். எங்கள் ஊர்ப் படலைகளை நம்பித்தான் அவருடைய பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

டொக்குத்தர் வந்தார். மாமி எழும்பி, "உங்களோட தனியக் கதைக்க வேணும் ஐயா" என்றார்.

"எனக்கும்" என்றார் செல்லமக்கா.

"எனக்கும் டொக்குத்தர்" என்றார் மதலேனக்கா.

டொக்குத்தர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நோயாளி ஒராள்தானே? இஞ்சையே சொல்லுங்கோ. என்ன குடுத்தனீங்கள்?"

மாமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அதற்கு முன்னும் பின்னும் மாமி தடுமாறி நான் கண்டதில்லை. "பேரைச் சொன்னால் பலிக்காது ஐயா."

"பலிச்சது போதும் அம்மா" என்றார் டொக்குத்தர். "சொல்லுங்கோ."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். "சாதிக்காய். பாலில உரைச்சுக் குடுத்தனான்."

செல்லமக்கா வாயைப் பொத்தினார். "ஐயோ மாமி, உங்கடையும் அதோ! என்ர உருண்டையும் சாதிக்காய்தான். தேனில இடிச்சது."

மதலேனக்கா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். "மாதாவே. கசகசாவும் சாதிக்காயும் டொக்குத்தர். நான் வேற ஒண்டும் போடேல்லை, என்ர பிள்ளையள் சத்தியமா."

எவ்வளவு என்று டொக்குத்தர் கேட்டார். ஒரு நுள்ளில் தொடங்கி, நான் ஏங்க ஏங்க, ஒவ்வொருவரும் பாதிக் காய் மட்டுக்கும் வந்துவிட்டார்கள். டொக்குத்தர் விரலில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நுள்ளுச் சாதிக்காய் நித்திரை தரும். ஒரு காய்க்கு மேல போனால் புத்தியைக் கலக்கும். அதுவும் உடன தெரியாது, அரை நாள் கழிச்சுத்தான் காட்டும். அதுதான் ஒருத்தருக்கும் பிடிபடேல்லை." பிறகு யன்னலால் என்னைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, உங்களுக்கு விசர் இல்லை. இதுக்குப் பேர் நச்சுக்கலக்கம்." (உடம்புக்குள் போன ஒரு பொருளால் புத்தி தடுமாறுவது. பொருள் இறங்கினால் தடுமாற்றமும் இறங்கிவிடும்.)

உங்களுக்கு விசர் இல்லை. என் கல்யாணத்தன்றுகூட ஒரு வார்த்தை எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. மூன்று பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். அற்றன்டன்தான் பாவம், யாருக்கு என்ன நடந்ததென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் தந்தான்.

வெள்ளிக்கிழமை றெயில் நான் இல்லாமல் போனது. கட்டிலில் இருந்து அதன் கூவலைக் கேட்டேன்.

மருந்துகளை நிறுத்தியதும் புத்தி வேகமாகத் தெளிந்தது. வாய் ஊறியது. தண்ணீரின் ருசி தெரிந்தது. டொக்குத்தர் இன்னும் சில நாள் வைத்திருந்தார். என்ன கொண்டுவந்தாலும் அவருடைய மேசையில் திறந்து காட்டித்தான் எனக்குத் தர வேண்டும் என்று உத்தரவு. செல்லமக்கா உள்ளே வரும்போதெல்லாம் வாயை ஆவென்று திறந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். வார்ட்டே சிரிக்கும்.

ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நஞ்சு இறங்கியதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அதற்கு அடியில் பழைய பதகளிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் மனமுடைந்துபோய் டொக்குத்தரிடம் சொன்னேன். அவர், "அது வரும். வந்தால் வந்திட்டுப் போகட்டும். வீட்டில இருந்து குளத்தைக் கேக்காதேங்கோ. பகலில போய்ப் பாருங்கோ" என்றார். வேறு பெரிய வைத்தியம் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் பின்னேரங்களில் என் கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டுக்குப் போவார். வெடித்த இடத்தைக் கல் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன்மேல் இருந்து தண்ணீரைப் பார்ப்போம். முதல் நாட்களில் அவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொள்வேன். ஊர்க்காரர் வழியில் கண்டால், "என்ன தவமணி, இண்டைக்குக் குளம் சுகமோ?" என்று கேட்பார்கள். அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினவர்களுக்கு அந்த உரிமை உண்டு. "நல்ல சுகம், உங்களைக் கேட்டதெண்டு சொல்லச் சொன்னது" என்பேன்.

மதலேனக்காவிடம்தான் ஊர் சரியாக நடந்துகொள்ளவில்லை. நான் வீட்டுக்கு வந்த பிறகு அவர் வந்த முதல் நாள், ஒழுங்கை முழுக்கப் படலைகள் பூட்டிக் கிடந்தன. அவர் கூவிக்கொண்டே நடந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம். படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு நடுவில் போய் நின்றேன். குளம் உடைத்துவிட்டது என்று கத்திய அதே தொண்டையால், "மதலேனக்கா! இஞ்ச வாங்கோ! எனக்குத் தந்திட்டுப் போங்கோ!" என்று கத்தினேன். அவர் கடகத்தை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கருவாட்டு உப்பில் வெடித்த கை. அவர் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் இந்த ஒழுங்கையில் நின்றிருக்கமாட்டேன். என் பின்னால் செல்லமக்காவின் படலை திறந்தது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தீராமல் இருந்தது மாமியின் துக்கம். மாமி பிறகு ஒருவருக்கும் மருந்து உரைக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "என்ர கைராசி போயிட்டுது. பேரைச் சொல்லிப்போட்டன்" என்பார். செல்லமக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை, "எனக்கு இடிக்கிற வேலை மிச்சம்" என்று சிரித்துவிட்டார். ஆனால் மாமிக்கு அந்தக் கையைத் தவிர வேறு பெருமை இருக்கவில்லை. அதை எனக்காகத்தான் விறாந்தையில் எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைத்தார். நான் நன்றி சொல்லப் போனாலும் "போ, போய் வேலையைப் பார்" என்று துரத்திவிடுவார்.

ஐப்பசி வந்தது. வானம் கறுத்த அன்று மத்தியானமே என் காது எழும்பிவிட்டது. அன்று காலையில்தான் செல்லமக்கா தன் பேரனுக்கு வயிற்றுக்குத்து என்று வந்து, மாமியிடம் இருந்து வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தார். ஒரு நுள்ளு, ஒரே கையால் என்றால் பயமில்லை என்று டொக்குத்தர் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். பொழுதுபட்டதும் நான் மாமியிடம் போனேன்.

"மாமி, சாதிக்காய்ப் பால் கொஞ்சம் தாங்கோ."

மாமி திடுக்கிட்டார். "பேரைச் சொல்லிக் கேக்கிறாய்! இனி அது பலிக்குமோ பிள்ளை?"

"பலிக்காட்டில் போகட்டும். நீங்கள் உரைச்சுத் தாங்கோ."

என் கண்முன்னாலேயே சந்தனக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். வழித்துப் பாலில் விட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். குடித்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

கண் விழித்தபோது முற்றத்தில் வெயில். கன்னத்தில் பாயின் அச்சு. மகளின் கால் என் வயிற்றின்மேல் கிடந்தது. அது பாரமாக இருந்தது. பாரம் தெரிகிற அளவுக்கு என் உடம்பு என்னோடேயே இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன். அது பக்கத்தில்தான், என் தோளோடு சேர்ந்து, என் கையாகவே இருந்தது. வெளியே முற்றம் முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றது. வாளி நிரம்பி வழிந்திருந்தது. ஒரு முழு இரவு, என் காவல் இல்லாமலே வந்து போயிருக்கிறது. மாமியின் முதல் பால் தந்த சில இரவுகளைத் தவிர, ஒரு வருஷமாக எந்த இரவும் என்னைக் கேட்காமல் விடிந்ததில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தன.

மாமி குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். விடியும்வரைக்கும் அவர்தான் படுக்கவில்லை என்று கண்ணைப் பார்க்கத் தெரிந்தது.

"இடி இடிச்சு ஊத்தினது. கேட்டதே உனக்கு?"

"எப்ப மாமி?"

மாமி என்னையே பார்த்தார். பிறகு தன் வலது கையை விரித்து, உள்ளங்கையைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈர முற்றத்தால் நடந்து வேலியடிக்குப் போனார்.

"செல்லம்! உன்ர பேரனைக் கொண்டு வா! வயித்துக்குத்துக்கு ஓமமும் சுக்கும் அவிச்சுத் தாறன்!" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.